முத்திரை மட்டும் போதாது, கட்டைக்குச் சூடு ஏற வேண்டும்: கிருஷ்ணகிரி, தருமபுரி ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் எல்லோருக்கும் வணக்கம். ஜெகதேவி, பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பேக்டரி வைத்திருப்பவர்கள், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி வட்டாரத்தில் மாங்கூழ் ஆலை நடத்துபவர்கள், ஓசூர் சிப்காட்டில் டெஸ்பாட்ச் பார்க்கிறவர்கள், அப்புறம் உங்களுக்குத் துறைமுக வேலை பார்த்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட்டுகள், எல்லோரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் பேலட்டும் (சரக்கை அடுக்கித் தூக்கும் மரத்தட்டு) மரப்பெட்டியும் செய்து கொடுக்கிறவன். சா மில்லில் பலகை வாங்கி, ரீப்பர் அறுத்து, ஆணி அடித்து, சூடேற்றி, முத்திரை வைத்து உங்கள் வாசலில் இறக்குவதுதான் என் தொழில்.

வெளிநாட்டுக்குப் போகிற மரப் பேக்கிங்கைச் சூடேற்றியோ, நச்சு வாயுவில் புகையூட்டியோ பூச்சி நீக்கி, அதற்கு அடையாளமாக முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி. கேட்க வந்தது ஒன்றுதான். முத்திரையை மட்டும் கேட்காதீர்கள். சூடேற்றிய கட்டையைக் கேளுங்கள், அதற்கு வேண்டிய நேரத்தையும் கொடுங்கள்.

இதைப் பொதுவில் எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் எனக்கு வரும் போன்கள். "நாளைக்குக் காலையில் கண்டெய்னர் வருது, இன்னைக்கு ராத்திரிக்குள்ள பெட்டி வேணும், ட்ரீட்மென்ட் எல்லாம் வேண்டாம், ஸ்டாம்ப் மட்டும் அடிச்சுக் கொடுத்துடுங்க." பெரிய கம்பெனியும் இப்படிக் கேட்கிறது, முதல்முறை ஏற்றுமதி செய்கிறவரும் கேட்கிறார். முடியாது என்று சொன்னால், வேறு இடத்தில் அடித்துக் கொடுக்கிறார்களே என்று பதில் வருகிறது. அடித்துக் கொடுக்கிறார்கள்தான், மறுக்கவில்லை. பதிவு வாங்கிய ஒருவரின் முத்திரை பதிவே இல்லாத பட்டறைக்கு வாடகைக்குப் போகிறது. பச்சை மரத்தில் மை ஒட்டவில்லை என்று துணியால் துடைத்துவிட்டு இரண்டாவது முறை அடிக்கிற அளவுக்கு ஈரமான கட்டைகள், சூடேற்றியது என்று பொருள்படும் "ஹெச்டி" என்ற எழுத்தோடு சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. இதில் செய்கிறவர் மேல் பாதித் தப்பு என்றால் கேட்கிறவர் மேல் பாதி. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

பலருக்கு இந்த முத்திரை சென்னைத் துறைமுகத்தில் யாரோ ஒரு அதிகாரி போட்ட விதி என்ற நினைப்பு இருக்கிறது. அப்படி இல்லை. ரோமில் இருக்கும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கீழ் சர்வதேச தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை என்று ஒன்று உண்டு, அது 2002ல் ஏற்றுக்கொண்ட 15ஆம் எண் தரநிலைதான் இது. ஐஎஸ்பிஎம் 15 என்பார்கள். 2009ல் திருத்தி எழுதினார்கள். பேலட், பெட்டி, டிரம், கேபிள் சுற்றும் மரச்சக்கரம், சரக்கு அசையாமல் இருக்க வைக்கும் முட்டுக்கட்டை, ஆப்பு என்று முழு மரத்தில் செய்த எல்லா பேக்கிங்கும் இதில் வரும். ப்ளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு மாதிரி பசையும் சூடும் அழுத்தமும் சேர்த்துச் செய்தவை வராது. 6 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவான கனமும் உள்ள மெல்லிய பலகை வராது, மரத்தூள், மரச்சீவல் வராது. நம் நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது பரிதாபாத்தில் தலைமையகம் உள்ள மத்திய தாவரப் பாதுகாப்பு இயக்ககம். சூடேற்றும் அறைக்குத் தனி விதிமுறை, புகையூட்டும் நிறுவனத்துக்குத் தனி விதிமுறை, இரண்டுக்கும் தணிக்கை, பதிவு எண் எல்லாம் உண்டு. உங்கள் பெட்டியில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம், பக்கத்தில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து, செய்தவரின் எண், என்ன முறையில் பூச்சி நீக்கியது என்ற குறியீடு, இவை நான்கும் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். கையால் எழுதக்கூடாது, அழியக்கூடாது, ஒட்டி எடுக்கிற லேபிளாக இருக்கக்கூடாது. சிவப்பும் ஆரஞ்சும் ஆபத்தான சரக்குக்கு உரிய நிறம் என்பதால் அந்த மையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

சரி, ஒரு பெட்டிக் கட்டைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டால், அதற்குப் பதில் நம் மாந்தோப்புகளிலேயே இருக்கிறது. தண்டுத் துளைப்பான் விழுந்த மாமரத்தை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அடித்தண்டில் ஓட்டை, அதிலிருந்து மரத்தூள் கொட்டிக் கிடக்கும், கிளை ஒன்று காய ஆரம்பிக்கும், காரணம் தெரிந்து கம்பியை உள்ளே விட்டுக் குத்தி, மருந்தில் நனைத்த பஞ்சை அடைத்து, மேலே களிமண் பூசுவதற்குள் பாதி மரம் போயிருக்கும். அந்தப் புழு ஒரு நீண்ட கொம்புள்ள வண்டின் குஞ்சு. மாவோடு நிற்காது, பலா, அத்தி, நம் பட்டுக்கு ஆதாரமான முசுக்கொட்டை என்று எல்லாவற்றிலும் இறங்கும். இப்போது யோசித்துப் பாருங்கள், தோப்பில் எந்த மரத்தை முதலில் வெட்டுகிறோம்? புழு விழுந்து காய்ப்பு நின்ற மரத்தைத்தான். வெட்டின மரம் எங்கே போகிறது? நல்ல விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் மலிவு மரமாக சா மில்லுக்குப் போகிறது. அங்கிருந்து பேக்கிங் பலகையாக என் மாதிரி ஆட்களிடம் வருகிறது. அதாவது பூச்சி விழுந்த மரம்தான் பேக்கிங்குக்கு வருவதற்கு அதிக வாய்ப்புள்ள மரம். இது யாரும் வேண்டுமென்று செய்வது இல்லை, மர வியாபாரம் அப்படித்தான் ஓடும், இங்கேயும் அப்படி, சீனாவிலும் அப்படி.

சீனாவைச் சொல்லக் காரணம் உண்டு. 1996ல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். நம் மாமரத்து வண்டும் அதுவும் ஒரே குடும்பம். மரப் பேக்கிங்கில்தான் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. 1998ல் சிகாகோ. 2008ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர், அங்கே மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டினார்கள், தெரு தெருவாக மேப்பிள் மரம் நின்ற ஊர் அது. 2002ல் டெட்ராய்ட் பக்கத்தில் தெரியவந்த மரகத வண்டு இன்னும் மோசம், சாம்பல் மரம் என்று அவர்கள் சொல்லும் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது, இன்றுவரை நிற்கவில்லை. ஜப்பானிலும், 1999க்குப் பிறகு போர்ச்சுகலிலும் பைன் காடுகளைக் காய வைத்தது கண்ணுக்கே தெரியாத ஒரு நூற்புழு. மரத்தின் நடுவில் 56 டிகிரி, 30 நிமிடம் என்ற கணக்கை வைத்ததே அந்த நூற்புழுவை மனதில் வைத்துத்தான்.

கிரானைட்காரர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 2012ல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பேடக் வுட் என்ற ஊரில் இதே ஆசிய நீள்கொம்பு வண்டு வெளியே மரங்களில் பரவியிருந்தது தெரியவந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடினால், சீனாவிலிருந்து கல் இறக்குமதி செய்தவர்களின் பேக்கிங் கட்டையில் வந்ததாக முடிவுக்கு வந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி எரித்து, பல வருஷம் கண்காணித்து, 2019ல்தான் ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். வண்டு தெரியவந்த அடுத்த வருஷமே, 2013ல், ஐரோப்பிய ஒன்றியம் சீனாவிலிருந்து வரும் கிரானைட், மார்பிள், ஸ்லேட் மாதிரி கல் சரக்கின் மரப் பேக்கிங்கை மட்டும் தனியாகக் குறித்து அதிக விகிதத்தில் சோதிக்க உத்தரவு போட்டது. கல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். கல் கனம், கனத்துக்குத் தடிமனான கட்டை வேண்டும், தடிமனான கட்டையை மலிவாக வாங்க வேண்டும் என்றால் அது பச்சை மரமாக, பட்டையோடு, நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காத மரமாகத்தான் இருக்கும். அந்த உத்தரவு ஒழுங்காகச் செய்த சீனத்து வியாபாரியையும் சேர்த்துத்தான் பாதித்தது. பர்கூர் கல்லும் ஒருநாள் அப்படி ஒரு பட்டியலில் சேர்ந்தால் அதை யார் கழற்றுவது?

இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் நேரம் எதற்குக் கேட்கிறோம் என்பது அப்போதுதான் புரியும். பலகைகளை அறைக்குள் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும், நடுவில் குச்சி வைத்து, காற்று எல்லாப் பக்கமும் சுற்றி வருகிற மாதிரி. அடுக்கில் எது தடிமனான கட்டையோ, அறையில் எந்த மூலை கடைசியாகச் சூடாகுமோ, அங்கே துளை போட்டு மரத்தின் நடுவில் வெப்பமானி செருக வேண்டும். அறைக் காற்று 70 டிகிரி காட்டினாலும் கணக்கில் எடுக்க முடியாது. பானைக்கு மேலே ஆவி பறக்கிறது என்பதற்காகச் சோறு வெந்துவிட்டது என்று யாரும் இறக்குவதில்லை, பருக்கையை நசுக்கித்தான் பார்க்கிறோம், அந்த மாதிரி. கட்டையின் நடு 56 டிகிரியைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அங்கிருந்து 30 நிமிடம் இடைவிடாமல் அந்தச் சூடு கீழே இறங்காமல் நிற்க வேண்டும், நடுவில் 55க்கு இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. இந்த 30 நிமிடத்தைக் கேட்டுவிட்டுத்தான் பலர் "அரை மணி நேர வேலைதானே" என்கிறார்கள். நடுக்கட்டை அந்தச் சூட்டுக்கு வந்து சேர்வதற்குத்தான் நேரம். காய்ந்த ஒரு அங்குலப் பலகை சீக்கிரம் ஏறிவிடும். மழைக்காலத்தில் அறுத்த பச்சைத் தைல மரத்து நான்கு அங்குலக் கட்டை மணிக்கணக்கில் இழுக்கும், விறகையும் கரண்டையும் சேர்த்து இழுக்கும். எல்லாம் முடிந்தால் வெப்பமானியின் பதிவு ஒரு வரைபடமாக வெளியே வரும். அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். எங்களிடம் பெட்டி வாங்குகிறவர்களில் அதைக் கேட்கிறவர் மிகக் குறைவு, கேட்டால் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை, கொடுக்கத் தயங்குகிற பட்டறையில் அடுத்த ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டையின் பட்டையை உரித்திருக்க வேண்டும், சூடேற்றுவதென்றால் முன்போ பின்போ உரிக்கலாம், புகையூட்டுவதென்றால் முன்பே உரித்திருக்க வேண்டும். சின்னத் துணுக்கு ஒட்டியிருந்தால் பரவாயில்லை, 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த அகலம் என்றால் நீளம் எவ்வளவானாலும் விடுவார்கள், அகலம் அதற்கு மேல் போனால் ஒவ்வொரு துண்டும் 50 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். காரணம் சாதாரணமானது, சூடேற்றிய பிறகும் பட்டை அகலமாக இருந்தால் அதன் அடியில் புதிதாக வண்டு குடிவந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க இடம் கிடைக்கும். பட்டையோடு ஒரு கட்டையைப் பார்த்தால் துறைமுகத்து அதிகாரி பெட்டி முழுவதையும் சந்தேகப்படுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

புகையூட்டினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. மெத்தில் புரோமைடு போட்டால் 24 மணி நேரம் மூடி வைக்க வேண்டும், பிறகு காற்றோட்டம் விட வேண்டும். வெப்பநிலை 21 டிகிரிக்கு மேல் என்றால் கன மீட்டருக்கு 48 கிராம், 16க்கும் 21க்கும் நடுவில் 56 கிராம், 10க்கும் 16க்கும் நடுவில் 64 கிராம், 10க்குக் கீழே போடவே கூடாது. இதில் கணக்குக்கு எடுக்க வேண்டியது பகல் வெயிலை இல்லை, அந்த 24 மணி நேரத்தில் வருகிற குறைந்த வெப்பத்தை. மார்கழி, தை மாதத்தில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சென்னையில் போடுகிற அளவையே இங்கேயும் போட்டுவிட்டுப் போனால் கட்டைக்குள் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, பாலிஷ் போட்ட கல்லுக்குக் கீறல் விழாமல் இருக்க பாலிதீன் சுற்றி, அந்தச் சுற்றோடு சேர்த்துப் புகையூட்டச் சொல்கிறார்கள். வாயு பாலிதீனைத் தாண்டி மரத்துக்குள் சரியாகப் போகாது. 20 சென்டிமீட்டரைத் தாண்டிய கனமான கட்டைக்கு இந்த முறையே செல்லாது. எல்லாவற்றுக்கும் மேல் அது மனிதனைக் கொல்கிற வாயு, மணமும் நிறமும் இல்லாத வாயு, ஓசோன் படலத்தையும் அரிக்கிறது என்று மான்ட்ரியல் உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்டு, தாவரப் பாதுகாப்பு வேலைக்கு மட்டும் விலக்கு கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2010லிருந்து அதைப் பயன்படுத்துவதே இல்லை. நம் லோடிங் யார்டில் புகையூட்ட மூடிய படுதாவுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள். சூட்டறை இருக்கும்போது அந்த வாயுவைத் தேடிப் போகாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

எனக்கு அதிகமாக மனசு அடித்துக்கொள்கிற இடம் கண்டெய்னருக்கு உள்ளே இருக்கிறது. பெட்டியை ஒழுங்காகச் செய்து, சூடேற்றி, முத்திரை வைத்து அனுப்பியிருப்போம். லோடு ஏற்றும் நாளன்று கல் பெட்டிகளை உள்ளே வைத்ததும், அவை கடலில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும், குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும், அடியில் ஆப்பு தட்ட வேண்டும். அப்போதுதான் கட்டை போதவில்லை என்று தெரியும். யார்டின் ஓரத்தில் கிடக்கிற ஏதோ ஒரு வேலிக்கட்டை, பழைய சென்ட்ரிங் பலகை, பட்டை கூட உரிக்காத தைலமரக் கழி, எது கைக்குக் கிடைக்கிறதோ அதை அறுத்து உள்ளே அடித்துவிடுகிறார்கள். ஆசாரியைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் யாரும் சொல்லவில்லை, டிரைவர் அவசரப்படுத்துகிறார், கேட் மூடும் நேரம் நெருங்குகிறது. ஆனால் அந்த முட்டுக்கட்டையும் பேக்கிங் மரம்தான், பெட்டிக்கு என்ன விதியோ அதே விதி அதற்கும். அந்தப் பக்கம் கதவைத் திறந்ததும் அதிகாரி கண்ணில் முதலில் படுவதும் அதுதான். ஐந்து பெட்டிக்குச் செய்த வேலை ஒரு கழியில் வீணாகிறது. எனவே பெட்டி ஆர்டர் கொடுக்கும்போதே முட்டுக்கும் ஆப்புக்கும் எத்தனை அடி வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். நீளச் சட்டமாகவே சூடேற்றி, நெருக்கமான இடைவெளியில் முத்திரை வைத்துக் கொடுக்க முடியும், எங்கே அறுத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு முத்திரை தெரியும். மிச்சத்தை நனையாத இடத்தில் தனியாக வைத்து, அடுத்த லோடுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஓசூர்க் கம்பெனிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது பழைய பேலட். வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டைப் பழுது பார்த்து மறுபடி அனுப்புவது நல்ல வழக்கம்தான், மரம் மிச்சமாகும். ஆனால் உடைந்த இரண்டு பலகைக்குப் பதிலாக உள்ளூர்ப் பச்சைப் பலகையை அடித்துவிட்டு, பழைய ஜெர்மன் முத்திரையோ கொரிய முத்திரையோ அப்படியே இருக்கிறதே என்று அனுப்பினால் அது பொய் முத்திரை. மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றினால் அது பழுதுபார்ப்பு, மாற்றிய ஒவ்வொரு துண்டும் பூச்சி நீக்கிய மரமாகவும் தனித்தனி முத்திரையோடும் இருக்க வேண்டும். அதற்கு மேல் மாற்றினால் பழைய முத்திரை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முழுப் பேலட்டையும் சூடேற்றிப் புதிதாக முத்திரை வைக்க வேண்டும். இதை வாங்கும் பிரிவில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருந்தால் பழைய பேலட் வியாபாரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக இல்லை, கணக்குப் பார்ப்பதற்காக. அமெரிக்காவில் விதிக்குப் பொருந்தாத மரம் கிடைத்தால் திருப்பி அனுப்பச் சொல்வதுதான் வழக்கம். அபராதமும் உண்டு, 2017 நவம்பர் 1லிருந்து முதல் தடவை மாட்டினாலே போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள், அதற்கு முன்பு பல தடவை மாட்டிய பிறகுதான் போட்டார்கள். சரக்கை வேறு பேக்கிங்குக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தாலும், பாலிஷ் ஸ்லாபை வேறு பெட்டிக்கு மாற்றுகிற வேலையை அந்த ஊர்க் கூலிக்குச் செய்ய வேண்டும், அதுவரை கண்டெய்னர் வாடகையும் துறைமுகக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். மாங்கூழ் சரக்கென்றால் வாங்குகிறவர் ஜூஸ் லைனை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பார். அதோடு முடியாது. அந்த நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு நம் நாட்டு அமைப்புக்கு அறிவிப்பு அனுப்பும், முத்திரையில் இருக்கிற எண்ணை வைத்து ஆளைத் தேடி வருவார்கள், அந்த எண் வாடகைக்கு விட்டதாக இருந்தால் பதிவு போகும், அவரையே நம்பியிருந்த மற்ற ஏற்றுமதியாளர்களுக்கும் அன்றைக்குப் பெட்டி கிடைக்காது. ஒரு பேலட்டுக்குச் சூடேற்ற ஆகும் செலவை இந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

உள்ளே வருகிற மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உங்களைவிட உங்கள் பக்கத்துத் தோப்புக்காரர்தான் அதிகம் பாதிக்கப்படுவார். ஓசூருக்கும் சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்குகின்றன, கல் பேக்டரிகளுக்கும் இறக்குமதி மெஷின் வருகிறது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, பூச்சி நீக்கி முத்திரை வைத்த மரம்தான் நாட்டுக்குள் வரலாம். ஆனால் மெஷினை எடுத்த பிறகு அந்தப் பெட்டி எங்கே போகிறது? காயலான் கடைக்கு, அங்கிருந்து டீக்கடை அடுப்புக்கு, செங்கல் சூளைக்கு, கொட்டகைக்கு, கோழிக்கூண்டுக்கு. பல நாள் ஏதாவது ஒரு மாந்தோப்பு ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கும். ஒரு முத்திரை பொய்யாக இருந்து, ஒரு கட்டையில் உயிருள்ள புழு இருந்து, அது வண்டாகி வெளியே வந்தால் அதன் கண்ணுக்கு முன்னால் இருப்பது செந்தூரா, பெங்களூரா மாமரங்கள்தான். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற துளைப்பானுக்கே பஞ்சும் களிமண்ணும்தான் மருந்து. புதிதாக ஒன்று வந்தால் அதற்கு இயற்கை எதிரியும் இருக்காது, விவசாயிக்கு அதன் அறிகுறியும் தெரியாது. பெட்டியைப் பிரிக்கும்போது முத்திரை இருக்கிறதா, பென்சில் நுழைகிற மாதிரி வட்டமான ஓட்டை இருக்கிறதா, அடியில் புதுத் தூள் கொட்டியிருக்கிறதா என்று ஸ்டோர்ஸில் இருப்பவர் ஒரு பார்வை பார்த்தால் போதும். இருந்தால் அந்தக் கட்டையை வெளியே விற்காமல் பாலிதீனில் சுற்றி வைத்துவிட்டு, சென்னையில் இருக்கும் மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கோ பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரன் நம் பெட்டியில் எதைத் தேடுகிறானோ அதையே அவன் பெட்டியில் நாமும் தேட வேண்டும், அதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

இவ்வளவும் உங்களிடம் ஏன் என்று கேட்கலாம். அதிகாரிகள் தணிக்கையை இறுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, திடீர்ச் சோதனை வந்தால் வரவேற்பேன். ஆனால் ஆர்டர் உங்களுடையது. காலையில் கேட்டு மாலையில் வாங்குகிற வழக்கத்தை நீங்கள் நிறுத்தினால் வாடகை முத்திரைக்கு ஆள் இருக்காது. விலைப் பட்டியல் வாங்கும்போது மர விலையையும் சூடேற்றும் கட்டணத்தையும் இரண்டு வரியாகப் பிரித்துக் கேளுங்கள். இப்போது மொத்தமாக ஒரு விலை கேட்டு, அதில் குறைந்தவருக்கு ஆர்டர் கொடுக்கிறீர்கள், சூடேற்றாதவர்தான் எப்போதும் குறைவாகச் சொல்ல முடியும், அதனால் ஒழுங்காகச் செய்கிறவர் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டுப் போகிறார். கப்பல் தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அது தெரிந்த அன்றைக்கே எங்களுக்கும் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

சங்கங்களுக்கும் ஒரு கோரிக்கை. சிறிய பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியாக அறை கட்ட முடியாது. மத்திய அரசின் குறு, சிறு நிறுவனங்களுக்கான குழும மேம்பாட்டுத் திட்டத்தில் பொது வசதி மையம் அமைக்க உதவி கிடைக்கும். கிரானைட் சங்கமும், மாங்கூழ் ஆலைகள் சங்கமும், ஓசூர் சிறுதொழில் சங்கமும் சேர்ந்து மாவட்டத் தொழில் மையத்தில் உட்கார்ந்து பேசினால், பர்கூரை ஒட்டி ஒரு பொதுச் சூட்டறை வர முடியும். தருமபுரி, பாலக்கோடு பக்கத்துப் பட்டறைகளுக்கும் அது எட்டுகிற தூரம்தான். விறகில் ஓடுகிற அறையாக இருந்தால் எங்கள் பட்டறைகளின் கழிவுக் கட்டையே எரிபொருள். இடம், பதிவு, ஆள் பயிற்சி எல்லாவற்றிலும் கூட நிற்கத் தயாராக இருக்கிறோம், எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்கள் பலர் இதே எண்ணத்தில்தான் இருக்கிறார்கள்.

மாங்கூழ் சீசன் தொடங்கினால் உங்களுக்கும் பேச நேரம் இருக்காது, எங்களுக்கும் இருக்காது. அதனால் பங்குனிக்குள் ஒரு கூட்டம் போடுங்கள், கிருஷ்ணகிரியில் எங்கே கூப்பிட்டாலும் வருகிறோம், வெப்பமானிப் பதிவுத் தாள்களையும் கையில் கொண்டு வருகிறோம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் இந்த மூன்று வரியைச் சேர்த்துவிடுங்கள்: முட்டும் ஆப்பும் உட்பட எல்லாக் கட்டையும் சூடேற்றியதாக இருக்க வேண்டும், அந்த லோடின் வெப்பப் பதிவுத் தாள் பில்லோடு வர வேண்டும், முத்திரையில் உள்ள எண் பில் போடுகிறவரின் பதிவு எண்ணாகவோ, அவருக்குச் சூடேற்றிக் கொடுத்த நிறுவனத்தின் எண்ணாகவோ இருக்க வேண்டும், இரண்டாவது என்றால் அந்த நிறுவனத்தின் ரசீதும் கூட வேண்டும்.

இப்படிக்கு,
பர்கூர் பக்கம் பேலட், மரப்பெட்டி செய்யும் ஒரு பட்டறைக்காரன்